கால்குலேட்டரை எடுத்து வை, பாஸ்போர்ட்டையும் ஒருமுறை பார்

“அக்கா, வேலை விளம்பரத்துல எல்லாம் ‘இ.ஐ.டி. இருந்தா நல்லது’னு போடுறாங்களே, அதை எங்க வாங்குறது?”

டெக்சஸுக்கு எம்.எஸ். சிவில் படிக்க வந்திருக்கும் தங்கை ஒருத்தி, போன மாதம் கோயில் சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நின்றபடி கேட்டாள். புளியோதரை தீர்வதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமில்லை அது. அன்று சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நம் ஊரில் இன்ஜினீயரிங் முடித்துவிட்டு அமெரிக்காவில் அந்தத் தொழிலைச் செய்ய வந்திருக்கும் எல்லாத் தம்பி தங்கைகளுக்கும்தான் இது. உன்னை ‘நீ’ என்றே கூப்பிடுகிறேன்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். நம் ஊரில் பி.இ. என்றால் பட்டம். இங்கே பி.இ. என்றால் உரிமம், ‘புரொபஷனல் இன்ஜினீயர்’. ஆங்கிலத்தில் முதல் எழுத்து வேறு, காதில் விழும்போது ரெண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பட்டத்தைத் தருவது கல்லூரி. உரிமத்தைத் தருவது மாநில அரசின் போர்டு. பாலத்துக்கோ வடிகாலுக்கோ வரைந்த பிளானில் முத்திரை வைத்துக் கையெழுத்துப் போட அந்த உரிமம் வேண்டும். அதை நோக்கிய முதல் படிதான் இ.ஐ.டி., அதாவது ‘இன்ஜினீயர் இன் டிரெயினிங்’. சில மாநிலங்களில் ‘இன்ஜினீயர் இன்டர்ன்’ என்பார்கள்.

வழக்கமான பாதை இப்படிப் போகும்: பட்டம், எஃப்.இ. என்ற அடிப்படைத் தேர்வு, இ.ஐ.டி. பதிவு, உரிமம் உள்ள ஒருவரின் கீழ் பொதுவாக 4 வருட அனுபவம், பி.இ. தேர்வு, உரிமம். எம்.எஸ். முடித்திருந்தால் பல மாநிலங்களில் அந்த அனுபவத்தில் ஒரு வருடம் கழியும். தேர்வை நடத்துவது என்.சி.இ.இ.எஸ். என்ற தேசிய அமைப்பு, நாடு முழுக்க ஒரே தேர்வு. பதிவைக் கொடுப்பது மாநில போர்டு, அதன் விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இதை மனதில் ஏற்றிக்கொள். எஃப்.இ. பாஸ் செய்ததும் இ.ஐ.டி. தானாக வந்துவிட்டது என்று நினைத்து, விண்ணப்பமே போடாமல் ரெஸ்யூமேயில் எழுதிவிட்டவர்களை எனக்குத் தெரியும். பல மாநிலங்களில் அதற்குத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். போர்டின் வலைத்தளத்தில் உன் பெயர் ஏறிய பிறகுதான் அதை எழுதலாம்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று எரிச்சல் வரும். எனக்கும் வந்திருக்கிறது. அப்போதெல்லாம் கிழக்கு டெக்சஸில் இருந்த நியூ லண்டன் பள்ளிக்கூடத்தை நினைத்துக்கொள்வேன். செலவைக் குறைக்க, எண்ணெய் வயலிலிருந்து வந்த உபரி எரிவாயுக் குழாயில் இணைப்பு எடுத்துக் கட்டடத்தைச் சூடாக்கினார்கள். வாயு கசிந்து தரைக்கு அடியில் தேங்கியது. அதற்கு வாசனை கிடையாது, யாருக்கும் தெரியவில்லை. 1937 மார்ச் 18 அன்று ஒரு மின் கருவியின் பொறி பட்டு வெடித்தது. ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அதே வருடம் டெக்சஸில் இன்ஜினீயர்களுக்கான உரிமச் சட்டம் வந்தது. எரிவாயுவில் நாற்றம் சேர்க்க வேண்டும் என்ற விதியும் வந்தது. நம் வீட்டு சிலிண்டரில் கசிவு ஏற்பட்டால் அம்மா மூக்கை வைத்தே கண்டுபிடிக்கிறாளே, அந்த நாற்றத்தைச் சேர்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான். கலிஃபோர்னியாவில் 1928இல் செயின்ட் பிரான்சிஸ் அணை உடைந்து 400 பேருக்கு மேல் போனார்கள். அடுத்த வருடம் அங்கே சிவில் இன்ஜினீயர்களுக்கான பதிவுச் சட்டம் வந்தது. போர்டு உன்னிடம் கேட்கும் ஒவ்வொரு காகிதத்துக்கும் பின்னால் இப்படி ஒரு பழைய துக்கம் இருக்கிறது.

சரி, காகிதத்துக்கு வருவோம். நம் பிள்ளைகள் கணக்கில் தோற்பது குறைவு, மாட்டிக்கொள்வது காகிதத்தில்தான். அதிலும் முதல் இடம் பெயருக்கு.

இனிஷியல் வைத்த பெயர்

தமிழ்நாட்டில் நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான். மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால் இருக்கும். பட்டச் சான்றிதழில் பின்னால் போயிருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் ‘சர்நேம்’ கட்டத்தில் முழுதாக விரிந்திருக்கும். சிலருக்கு அந்தக் கட்டமே காலியாக இருக்கும். அப்படிக் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் உன் பெயர் சர்நேம் இடத்துக்குப் போய்விடும், முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யு.’ என்று அச்சாகும். முதல் பெயர் தெரியவில்லை என்று அதற்குப் பொருள். அதுவே டிரைவிங் லைசென்ஸ் வரைக்கும் தொடரும்.

என் கதையைக் கேள். என்.சி.இ.இ.எஸ். கணக்கைத் தொடங்கும்போது மார்க் ஷீட்டைப் பார்த்து இனிஷியலோடு பெயரை அடித்துவிட்டேன். தேர்வு நாளன்று கையில் இருந்தது பாஸ்போர்ட். அதில் அப்பா பெயர் பதினோரு எழுத்து. வரவேற்பில் இருந்த பெண் திரையையும் பாஸ்போர்ட்டையும் மூன்று முறை மாற்றி மாற்றிப் பார்த்தாள். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னாள், உள்ளே விட முடியாது என்று. மூன்று மாதப் படிப்பு, இருநூறு டாலருக்கு மேல் கட்டணம், முதல் நாள் இரவு தூங்காத தூக்கம், எல்லாம் அந்த மேஜையோடு நின்றுபோயின. காரில் உட்கார்ந்து அரை மணி நேரம் அழுதேன். இது உனக்கு நடக்கக் கூடாது.

அதனால் கணக்கைத் தொடங்கும் நாளிலேயே, தேர்வு மையத்துக்கு எந்த அடையாள அட்டையைக் கொண்டுபோவாய் என்று முடிவு செய். காலாவதியாகாத, அரசு கொடுத்த, போட்டோவும் கையெழுத்தும் பிறந்த தேதியும் உள்ள அட்டையாக இருக்க வேண்டும். யுனிவர்சிட்டி ஐ.டி. செல்லாது. அந்த அட்டையில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து பெயரை அடி. பட்டச் சான்றிதழில் வேறு மாதிரி இருந்தால், இரண்டு பெயரும் ஒரே ஆளுக்கு உரியவை என்று நோட்டரி முன்னால் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வைத்துக்கொள். ஊருக்குப் போகும்போது செய்தால் ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும்.

உறை பிரிக்காத மார்க் ஷீட்

“நான்தான் இங்கே எம்.எஸ். முடிக்கிறேனே, ஊர்ப் பட்டத்தை யார் கேட்கப் போகிறார்கள்?” என்று எல்லோரும் கேட்கிறார்கள். கேட்பார்கள். இங்கே இன்ஜினீயரிங் பாடத்திட்டங்களுக்கு அங்கீகாரம் தருவது ஏபெட் என்ற அமைப்பு. அது பெரும்பாலும் இளநிலைப் பட்டங்களைத்தான் அங்கீகரிக்கிறது. அதனால் பல போர்டுகளின் பார்வை உன் எம்.எஸ்.ஸைத் தாண்டி நம் ஊர் பட்டத்தில்தான் போய் நிற்கும். சில போர்டுகள் எம்.எஸ்.ஸையும் சேர்த்துப் பார்த்துச் சலுகை தருகின்றன. உன் மாநில போர்டின் விதியை நீயே வாசித்துப் பார், சீனியர் சொன்னார் என்று விட்டுவிடாதே. இன்ஜினீயரிங் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று மதிக்க வகைசெய்யும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா 2014இல் முழு உறுப்பினர் ஆனது உண்மைதான். ஆனால் அந்தப் பெயரைச் சொன்னதும் எல்லா போர்டும் பட்டத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளும் என்று எண்ணாதே.

பட்டத்தை எடைபோட என்.சி.இ.இ.எஸ். ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. கணக்கும் அறிவியலும் 32 கிரெடிட், இன்ஜினீயரிங் பாடங்கள் 48, பொதுக்கல்வி 12. இன்ஜினீயரிங்கில் நமக்குக் குறை வராது. பொதுக்கல்வி, அதாவது வரலாறு, பொருளாதாரம், சமூகவியல் மாதிரிப் பாடங்கள், அதில்தான் இடிக்கலாம். குறைந்தால் இங்கே கம்யூனிட்டி காலேஜில் ஒன்றிரண்டு பாடம் எடுத்து நிரப்பலாம், உலகம் முடிந்துவிடாது. எம்.எஸ். படிக்கும்போதே தெரிந்தால் சுலபம். வேலை, கல்யாணம், குழந்தை என்று ஆன பிறகு மாலை வகுப்புக்கு ஓடுவது எத்தனை கஷ்டம் என்று என் தோழியைக் கேட்டால் சொல்வாள். சில போர்டுகள் இந்த மதிப்பீட்டை இ.ஐ.டி.க்கே கேட்கும், சில பி.இ. உரிமத்தின்போது கேட்கும். எப்போதாவது கேட்கத்தான் போகிறார்கள்.

டிரான்ஸ்கிரிப்ட் உன் பல்கலைக்கழகத்திலிருந்து நேராகப் போய்ச் சேர வேண்டும். உன் கைக்கு வந்து, நீ உறையைப் பிரித்துப் பார்த்து, மறுபடி ஒட்டி அனுப்பினால் செல்லாது. ஊரிலிருக்கும் தம்பியையோ அப்பாவையோ அலைய விட வேண்டியிருக்கும். என் அப்பா மூன்று முறை போனார். முதல் முறை பழைய கன்சாலிடேட்டட் மார்க் ஷீட் நகல் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த முறை கட்டணத்தை டிடியாக எடுத்து வரச் சொன்னார்கள். மூன்றாவது முறை உரியவர் லீவு. எல்லா செமஸ்டர் மார்க் ஷீட், புரொவிஷனல், பட்டச் சான்றிதழ், நீ படித்த ரெகுலேஷனின் சிலபஸ், எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வீட்டில் ஒருவரிடமும் உன்னிடமும் வைத்துக்கொள். சிலபஸ் எதற்கு என்று நினைக்காதே, பாடத்தின் பெயரை மட்டும் பார்த்து எடை போட முடியாதபோது அதைத்தான் கேட்பார்கள்.

தேர்வு

மனசுக்குத் தெம்பு தரும் ஒரு விஷயம் சொல்கிறேன். தேர்வில் குறிப்பிட்ட கால்குலேட்டர்களுக்குத்தான் அனுமதி. அந்தப் பட்டியலில் கேசியோ எஃப்எக்ஸ் 991 இருக்கிறது. ஆமாம், நீ முதல் செமஸ்டரில் வாங்கி, மூடியின் உள்பக்கம் ரோல் நம்பரைக் கீறி வைத்திருக்கிறாயே, அதே 991தான். வேறு எதுவும் வாங்காதே. உன் கட்டைவிரலுக்குப் பழகிய பித்தான்கள் அங்கே பெரிய உதவி.

எஃப்.இ. தேர்வு 2014 முதல் கணினியில்தான். வருடம் முழுக்க எழுதலாம். சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல்–கம்ப்யூட்டர், கெமிக்கல், என்விரான்மென்டல், இண்டஸ்ட்ரியல் என்று பிரிவுகள், எதிலும் சேராதவர்களுக்குப் பொதுவாக ஒன்று. மொத்தம் 6 மணி நேரம் ஒதுக்கியிருப்பார்கள். அதில் கேள்விக்கு மட்டும் 5 மணி 20 நிமிடம். 110 கேள்வி. அதாவது ஒன்றுக்கு மூன்று நிமிடத்துக்கும் குறைவு. ஏறக்குறைய பாதியில் 25 நிமிட இடைவேளை. இடைவேளைக்கு முன் முதல் பாதியைச் சமர்ப்பித்துவிட்டால் திரும்பிப் போய்த் திருத்த முடியாது. தவறான விடைக்கு மார்க் கழிக்க மாட்டார்கள். கேட் தேர்வு எழுதிய பழக்கத்தில் தெரியாத கேள்வியைக் காலியாக விடாதே, எதையாவது குறித்துவிட்டு வா.

நம் பிள்ளைகளை நிஜமாகவே தடுமாற வைப்பது யூனிட். எஸ்.ஐ.யும் வரும், பவுண்டு–அடிக் கணக்கும் வரும். நமக்குத் தண்ணீரின் எடை என்றால் கன மீட்டருக்கு 9.81 கிலோ நியூட்டன், தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். இங்கே கன அடிக்கு 62.4 பவுண்டு. 10 அடி ஆழத் தண்ணீரின் அழுத்தம் சதுர அடிக்கு 624 பவுண்டு, 144ஆல் வகுத்தால் சதுர அங்குலத்துக்கு 4.33. இதில் பொறி எங்கே தெரியுமா? நிறைக்கும் பவுண்டுதான், விசைக்கும் பவுண்டுதான். எஸ்.ஐ. பழக்கத்தில் 62.4ஐ இன்னொரு முறை 32.2ஆல் பெருக்கிவிடுவோம். அந்தத் தப்பு விடையும் நான்கு விடைகளில் ஒன்றாக அழகாக உட்கார்ந்திருக்கும், உடனே குறித்துவிட்டு நகர்ந்துவிடுவோம். நான் இரண்டு வாரம் எஸ்.ஐ.யைத் தொடவே இல்லை. வீட்டில் அரிசி டப்பாவைக்கூட பவுண்டில்தான் நினைத்தேன். ‘கிப்’ என்றால் 1000 பவுண்டு. சாலைப் பிளானில் 12+50 என்று பார்த்தால் கூட்டல் கணக்கு என்று நினைக்காதே, தொடக்கத்திலிருந்து 1250 அடி என்று பொருள்.

ஃபார்முலாக்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். தேர்வுத் திரையிலேயே ஒரு கையேடு பி.டி.எஃப். திறந்திருக்கும், தேடும் வசதியோடு. அதே கையேட்டை உன் என்.சி.இ.இ.எஸ். கணக்கிலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். முதல் நாளிலிருந்தே அதைத் திரையில் வைத்துத்தான் படி. பிரிண்ட் எடுத்து மஞ்சள் மை பூசிப் படித்தால், தேர்வில் அந்தப் பக்கம் மனக்கண்ணில் தெரியும், தேடத் தெரியாது. தேடும் சொல்லும் முக்கியம். நாம் ‘ஆர்.எல்.’ என்போம், அங்கே ‘எலவேஷன்’. நாம் ‘பிட்யூமன்’ என்போம், அங்கே ‘ஆஸ்பால்ட்’. இப்படி உனக்குத் தட்டுப்படும் சொற்களை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டே வா. எனக்கு நாற்பது சொல் சேர்ந்தது.

சிவிலில் 14 தலைப்பு. மண்ணியல், கட்டமைப்பு, நீர்வளம்–சுற்றுச்சூழல் மூன்றிலும் தலா 10 முதல் 15 கேள்வி வரும், அதனால் முதல் ஆறு வாரம் அவற்றுக்கே. அடுத்து எல்லோரும் ஒதுக்கிவிடும் இரண்டைப் பிடி. இன்ஜினீயரிங் எகனாமிக்ஸ் 5 முதல் 8 கேள்வி. நாலு ஃபார்முலா, ஓர் அட்டவணை, ஒரு வார இறுதி போதும். எதிக்ஸ் 4 முதல் 6. இதை நம் பிள்ளைகள் படிக்காமலே போய்த் தப்புவிடுகிறார்கள். மேலதிகாரி ஒரு பிளானில் கையெழுத்துப் போடச் சொல்கிறார், அது உனக்குத் தெரியாத துறை, என்ன செய்வாய் என்று கேட்பார்கள். பெரியவர் சொன்னால் செய்துவிட வேண்டும் என்று வளர்ந்த நமக்கு விரல் தானாகத் தப்பான விடைக்குப் போகும். மக்கள் பாதுகாப்புதான் முதலில், முதலாளியும் வாடிக்கையாளரும் பிறகு. இதை மட்டும் பிடித்துக்கொண்டால் பெரும்பாலான கேள்விகளுக்கு வழி தெரியும்.

தேர்வு மையத்தில் பேப்பர் கிடையாது. அழித்து எழுதும் பிளாஸ்டிக் ஏடும் மார்க்கரும் தருவார்கள். மார்க்கர் முனை தடிமன், நம் பொடி எழுத்து அதில் எடுபடாது. வீட்டில் ஓர் ஏ4 தாளை லேமினேட் செய்து அதில் நாலு மாதிரித் தேர்வாவது எழுதிப் பழகு.

தேறவில்லை என்றாலும் இடிந்துபோகாதே. வருடத்தை நான்கு காலாண்டாகப் பிரித்திருக்கிறார்கள், காலாண்டுக்கு ஒருமுறை, 12 மாதத்தில் மூன்று முறை எழுதலாம். முடிவு பொதுவாக 7 முதல் 10 நாளில் வந்துவிடும். தேறாதவர்களுக்கு எந்தத் தலைப்பில் எவ்வளவு சறுக்கினார்கள் என்று ஓர் அறிக்கை வரும். அதை அழுதுகொண்டே மூடி வைக்காமல், அடுத்த படிப்புத் திட்டமாக எடுத்துக்கொள்.

எப்போது எழுதுவது? எம்.எஸ். முடிவதற்கு முந்தைய விடுமுறையில். வேலைக்குப் போய் மூன்று வருடம் வடிகாலே போட்டுக்கொண்டிருந்தால் டிரஸ் கணக்கு மறந்துபோகும். படிப்பு முடிந்து மாணவர் விசாவிலேயே வேலை செய்ய விடும் ஓ.பி.டி. காலத்தில் வேலை தேடும்போது ரெஸ்யூமேயில் அந்த ஒரு வரி இருப்பதற்கும் இல்லாததற்கும் வித்தியாசம் தெரியும்.

பதிவு வந்த பிறகும் ஓர் எச்சரிக்கை. நீ இன்னும் பயிற்சியில்தான் இருக்கிறாய். முத்திரை வைக்க முடியாது, தனியாக இன்ஜினீயரிங் சேவை தருகிறேன் என்று விளம்பரம் செய்ய முடியாது. விசிட்டிங் கார்டில் பெயருக்குப் பின்னால் நம் ஊர் வழக்கப்படி பட்டத்தைப் போட்டால், உரிமம் என்று யாராவது வாசித்துவிடலாம். ‘இ.ஐ.டி.’ என்று மட்டும் போடு.

கட்டடக்கலைத் தம்பிகளுக்கு வேறு பாதை. அங்கே என்கார்ப் என்ற அமைப்பில் கணக்குத் தொடங்கி, ஆறு பிரிவுகளில் 3740 மணி நேர அனுபவத்தைப் பதிவு செய்ய வேண்டும், தேர்வும் ஆறு பகுதி. வேலையில் சேர்ந்த வாரமே பதியத் தொடங்குங்கள். நில அளவைக்காரர்களுக்கு எஃப்.எஸ். என்று தனித் தேர்வு, அதுவும் 110 கேள்விதான். 1794இல் சர்வே பள்ளியாகத் தொடங்கியதுதான் கிண்டி இன்ஜினீயரிங் கல்லூரி. அந்த மண்ணிலிருந்து வருகிறவர்கள் இந்தப் பக்கமும் எட்டிப்பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

கடைசியாக, ஒரு நோட்டுப் புத்தகம். பி.இ. உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது நாலு வருடம் என்ன செய்தாய் என்று விவரமாக எழுதச் சொல்வார்கள், உரிமம் பெற்றவர்கள் அதற்குச் சாட்சி சொல்ல வேண்டும். ‘உதவி செய்தேன்’ என்றால் எடுபடாது. நீ என்ன கணக்குப் போட்டாய், எதை முடிவு செய்தாய் என்பதுதான் வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பக்கம் எழுது: திட்டம், உன் பங்கு, யார் கீழ், அவருடைய உரிம எண், வேலையைத் தாண்டி எட்டக்கூடிய அவருடைய மின்னஞ்சல்.

என் முதல் மேலாளர் நான் விண்ணப்பிப்பதற்குள் ஓய்வு பெற்று வேறு மாநிலத்துக்குப் போய்விட்டார். நோட்டில் உரிம எண் இருந்ததால் போர்டின் பெயர்ப் பட்டியலில் தேடி ஆளைப் பிடித்தேன். போனில் அவர் கேட்டது ஒரே கேள்வி: “அந்தக் கல்வெர்ட்டில் நீ என்ன செய்தாய்?” பக்கத்தைத் திருப்பி வாசித்தேன். 6க்கு 4 அடியில் ஒரு பெட்டி போட்டால் 25 வருட மழைக்குத் தண்ணீர் சாலை மேல் ஏறுகிறது, அதனால் இரண்டு பெட்டி போட்டோம், கணக்கு என்னுடையது, தேதி இது. மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. “ஞாபகம் இருக்கிறது, படிவத்தை அனுப்பு” என்றார்.